சினிமா படிப்பு: விஸ்காமா, தரமணியா, புனேயா, உதவி இயக்குநர் வேலையா?

பிளஸ் டூ முடித்த பிள்ளை "நான் சினிமா படிக்கப் போறேன்" என்று சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "அதுக்கு வேலை கிடைக்குமா?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: சினிமாவில் எதைப் படிக்கப் போகிறாய்? படம் இயக்க வேண்டும் என்பது ஒரு ஆசை. கேமரா, எடிட்டிங், ஒலி என்று ஒரு தொழிலைக் கற்க வேண்டும் என்பது வேறு ஆசை. வரலாறும் இலக்கியமும் படிப்பதுபோல சினிமாவையே பாடமாகப் படித்து, அதைப் பற்றி எழுதவும் கற்பிக்கவும் வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் போகிற வழி வேறு, ஆகிற செலவு வேறு, கடைசியில் கிடைக்கிற வேலையும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பல வீடுகளில் பேச்சு சுற்றிச் சுற்றி வந்து, பக்கத்தில் இருக்கிற கல்லூரியில் விஸ்காம் அப்ளிகேஷன் வாங்குவதோடு முடிந்துவிடுகிறது.

ஒரே காட்சியை வைத்து இந்த வேறுபாட்டைச் சொல்கிறேன். 1952-இல் வந்த 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சி நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியும். கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம், மு. கருணாநிதி வசனம், சிவாஜி கணேசனுக்கு முதல் படம். ஒளிப்பதிவோ எடிட்டிங்கோ படிக்கிற மாணவர் இதைப் பார்த்தால், ஒரே ஆள் கூண்டில் நின்று நிமிடக் கணக்கில் பேசுகிறார், கேமராவை எங்கே வைத்தால் கண் சலிக்காது, எந்தச் சொல்லில் நீதிபதியின் முகத்துக்கு வெட்ட வேண்டும் என்று யோசிப்பார். சினிமாவை ஆய்வுப் பாடமாகப் படிக்கிறவர் கேட்பது வேறு. 1949-இல் தொடங்கிய தி.மு.க. 1957-இல்தான் முதன்முதலாகத் தேர்தலில் நிற்கிறது. நடுவில் இந்தப் படம் வருகிறது. அப்படியானால் இந்தக் கூண்டு யாருக்கான மேடை? இந்த வசனத்தை ஊர் ஊராக ஏன் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள்? படத்தைத் தடை செய்யச் சொன்னவர்கள் எதைக் கண்டு பயந்தார்கள்? உதவி இயக்குநராக இருப்பவருக்கு இரண்டு கவலையும் இல்லை. நேற்று பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த அதே ஆட்கள் இன்றைக்கும் அதே இடத்தில், அதே சட்டையில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று எண்ணிக்கொண்டிருப்பார்.

இந்த மூன்று பேரில் யாராக உங்களை நீங்கள் கற்பனை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கீழே சொல்கிற எல்லாமே.

விஸ்காம்

பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன் மூன்று வருடப் படிப்பு. பெயரில் சினிமா இல்லை, பாடத்திட்டத்திலும் பாதிக்கு மேல் சினிமா இருக்காது. ஓவியம், புகைப்படம், கிராஃபிக் டிசைன், விளம்பரம், தகவல் தொடர்புக் கோட்பாடு, தொலைக்காட்சித் தயாரிப்பு எல்லாம் கலந்து வரும். கடைசி வருடத்தில் ஒரு குறும்படமோ ஆவணப்படமோ எடுப்பார்கள். இது குறை இல்லை. விளம்பர நிறுவனம், டிசைன் ஸ்டுடியோ, சேனல், டிஜிட்டல் கன்டென்ட் என்று பல பக்கம் போகலாம் என்கிற பிள்ளைக்கு இது நல்ல படிப்பு. டிகிரி டிகிரிதான்; டிஎன்பிஎஸ்சி எழுதலாம், எம்.பி.ஏ. போகலாம். படத்துறை பிடிக்காமல் போனாலும் கதவு மூடாது.

ஆனால் "சினிமாவுக்குப் போக விஸ்காம்தான் வழி" என்று நம்பிச் சேர்ந்தால் இரண்டாவது வருடத்திலேயே கசக்கும். சென்னை லயோலா போன்ற பழைய பெயர்களைத் தாண்டி இன்று ஊருக்கு ஊர் விஸ்காம் துறை இருக்கிறது, தரம் ஏணி வைத்தாலும் எட்டாத அளவுக்கு வேறுபடுகிறது. சேருமுன் பிரின்சிபல் அறையில் உட்கார்ந்து பேசுவதைவிட, நேராக எடிட்டிங் லேபுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு வகுப்புக்கு எத்தனை கேமரா, சனிக்கிழமை மாணவர் கையில் கேமராவைக் கொடுத்தனுப்புவார்களா, போன வருட மாணவர்களின் படங்களைப் போட்டுக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் வேறு கல்லூரி பாருங்கள்.

தரமணி

எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் என்பது முழுப் பெயர். பழைய ஆட்கள் இன்னமும் 'அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிடியூட்' என்றுதான் சொல்வார்கள். 1945-இல் சென்ட்ரல் பாலிடெக்னிக்கின் ஒரு பகுதியாகத் தொடங்கியது என்பதால், சினிமாவை அது முதலில் ஒரு தொழில்நுட்பமாகவே பார்த்தது. அந்தக் குணம் இன்றும் போகவில்லை. பி.சி. ஸ்ரீராம், ராஜீவ் மேனன் ஆகியோர் இங்கே ஒளிப்பதிவு படித்தவர்கள். 1986-இல் இங்கே படித்த மாணவர்கள் சேர்ந்து 'ஊமை விழிகள்' எடுத்து ஓடவைத்தபோதுதான், இன்ஸ்டிடியூட் பையன்களை நம்பிப் பணம் போடலாம் என்று கோடம்பாக்கம் ஒத்துக்கொண்டது.

முன்பு மூன்று வருட டிப்ளமோவாக இருந்தது இப்போது நான்கு வருடக் காட்சிக்கலைப் பட்டப்படிப்பு. இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி, எடிட்டிங், அனிமேஷன் என்று பிரிவுகள் உண்டு. பிளஸ் டூ முடித்ததும் நேரடியாகச் சேரலாம், அரசுக் கட்டணம், தமிழில் பேசிப் படிக்கலாம். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது இங்கே மட்டும்தான். மாணவர் படங்களுக்கு மாநில அரசு தனியாக விருதும் கொடுக்கிறது. பிரிவுக்குக் கொஞ்சம் இடங்கள்தான் என்பதால் போட்டி கடுமை.

பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒளிப்பதிவும் ஒலியும் வேண்டுமென்றால் பிளஸ் டூவில் இயற்பியல் படித்திருக்க வேண்டும். புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப் பிரிவுக்கும் அப்படித்தான் கேட்பார்கள். "சினிமாதானே, எந்த குரூப் எடுத்தா என்ன" என்று பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் எடுத்த பிள்ளைக்கு அந்தக் கதவு அங்கேயே சாத்தப்படுகிறது. லென்ஸும் மைக்கும் இயற்பியல்தான், அதனால் இந்த நிபந்தனையில் நியாயமும் இருக்கிறது.

என் கணக்கில், கேமரா அல்லது ஒலி என்று பதினேழு வயதிலேயே தெளிவாக இருக்கிற பிள்ளைக்குத் தரமணிதான் முதல் தேர்வு. இயக்கம் என்றால் நான் கொஞ்சம் யோசிப்பேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

புனேயும் கொல்கத்தாவும்

புனே திரைப்படக் கல்லூரி 1960-இல் பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் தொடங்கியது. சத்யஜித் ராய் பெயரில் கொல்கத்தாவில் இருக்கும் நிறுவனம் 1995-இல் வந்தது. இரண்டும் மத்திய அரசின் கீழ் இயங்குபவை. இரண்டுக்கும் 2025-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்திருக்கிறது. முக்கியப் பிரிவுகள் மூன்று வருடம், சேர ஏதாவது ஒரு டிகிரி வேண்டும். அதாவது பிளஸ் டூ முடித்தவர்கள் இங்கே நேரடியாக வர முடியாது. இதைப் பலர் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

மட்டக்களப்பிலிருந்து வந்து புனேயில் ஒளிப்பதிவு படித்த பாலு மகேந்திரா 1969-இல் தங்கப் பதக்கத்தோடு வெளியேறினார். அவரிடமிருந்து பாலா, வெற்றிமாறன் என்று தமிழ் சினிமாவில் ஒரு கிளையே வளர்ந்தது. ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி இங்கே ஒலி படித்தவர். வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக் இங்கே ஆசிரியராக இருந்திருக்கிறார். பக்கத்திலேயே 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. பி.கே. நாயர் அங்கே சேர்த்துவைத்த படச்சுருள்களைப் பார்த்தே பல தலைமுறை மாணவர்கள் சினிமா கற்றார்கள். இன்று எல்லாப் படமும் செல்போனில் கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது, ஆனால் நூறு பேர் ஒரே இருட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெளியே வந்து விடிய விடியச் சண்டை போடுவது செல்போனில் நடக்காது. இந்த வளாகங்களில் கிடைக்கும் படிப்பில் பாதி அந்தச் சண்டைதான்.

சங்கடங்களும் உண்டு. நுழைவுத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும். மூன்று வருடப் படிப்பு என்றாலும் மூன்று வருடத்தில் முடியும் என்று நம்பிக் கடன் கணக்குப் போடாதீர்கள். புனேயில் மாணவர் படங்கள் தேங்கி, பழைய பேட்ச்கள் ஆண்டுக்கணக்கில் வளாகத்திலேயே தங்கிய காலமெல்லாம் உண்டு; 2015-இல் மாணவர்களின் 139 நாள் வேலைநிறுத்தமே நடந்தது. அப்புறம், படித்து முடிப்பவர்களில் பலர் மும்பைப் பக்கம் போய்விடுகிறார்கள். சென்னைக்குத் திரும்பினால் இங்கே யாரையும் தெரியாது, முதல் படி ஏற மறுபடியும் கொஞ்ச காலம் ஆகும்.

சினிமாவை ஒரு பாடமாக

தமிழ்நாட்டில் மிகக் குறைவாகப் பேசப்படும் வழி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கே கேமரா தொட வேண்டியதில்லை. படம் பார்ப்பது, படிப்பது, எழுதுவது, ஆவணங்களைத் தோண்டுவதுதான் வேலை. கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் 1993-இல் ஃபிலிம் ஸ்டடீஸ் துறை தொடங்கியது, இந்தியாவில் இந்தப் பாடத்துக்கு அதுவே முன்னோடி. டெல்லி ஜே.என்.யு.வின் கலை–அழகியல் துறையிலும், ஹைதராபாத்தின் ஆங்கில மற்றும் வெளிநாட்டு மொழிகள் பல்கலைக்கழகத்திலும் சினிமா ஆய்வு இருக்கிறது. எல்லாமே முதுகலையும் ஆராய்ச்சியும்தான். ஆகவே இதற்கும் முன்னால் ஒரு டிகிரி வேண்டும்.

இதில் என்ன ஆராய இருக்கிறது என்கிறீர்களா? ஆர். நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் என்கிறோம். அது எந்த வருடம் வந்தது என்பதிலேயே 1916, 1917, 1918 என்று இன்னும் ஒத்த கருத்து இல்லை. பிரதி போய்விட்டது. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' பிரதியும் இல்லை. கண்ணால் பார்க்க முடியாத படத்தின் வரலாற்றை எப்படி எழுதுவது? பத்திரிகை விளம்பரம், தியேட்டர் நோட்டீஸ், தணிக்கைக் கோப்பு, பாட்டுப் புத்தகம், இவற்றிலிருந்துதான். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கம் இருக்கும், நடிகர் பட்டியல் இருக்கும், 'மிச்சத்தை வெள்ளித்திரையில் காண்க' என்று ஒரு வரியும் இருக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அப்படிப்பட்ட பாட்டுப் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. அந்த நூலகம் இருப்பதும் தரமணிதான். படம் எடுக்கக் கற்கும் இடமும், எடுத்த படத்தை ஆராயும் இடமும் ஒரே பேட்டையில் இருக்க, ஒன்றில் இருப்பவர் மற்றொன்றின் படி ஏறுவது அபூர்வம்.

இந்த ஆய்வின் பெரிய பெயர்களைப் பாருங்கள். தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் உயர் அதிகாரியாக இருந்தவர். கா. சிவத்தம்பி யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பேராசிரியர். எம்.ஜி.ஆரின் பிம்பத்தைப் பற்றி 1992-இல் நூல் எழுதிய எம்.எஸ்.எஸ். பாண்டியன் பொருளாதாரம் படித்தவர். ஒருவர்கூட 'ஃபிலிம் ஸ்டடீஸ்' பட்டம் வாங்கியவர் இல்லை. அப்போது இந்தியாவில் அந்தப் பட்டமே இல்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் வரலாறும் இலக்கியமும் பொருளாதாரமும் தெரிந்தவர்தான் இந்தத் துறையில் சொந்தமாக ஏதாவது சொல்கிறார் என்பது இன்றும் மாறவில்லை.

வேலை என்று கேட்டால், கல்லூரி ஆசிரியர், ஆவணக் காப்பகம், திரைப்பட விழா, விமர்சனம், பதிப்புத் துறை. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் சினிமாவுக்கென்று தனிப் பாடம் இல்லை, பலர் இதழியல்–மக்கள் தொடர்பியலில் எழுதுகிறார்கள். விஸ்காம் துறைகள் ஊருக்கு ஊர் பெருகியிருக்கும்போது அங்கே சினிமா வரலாறு நடத்த முறையாகப் படித்த ஆள் குறைவு என்பதைக் கணக்கில் எடுங்கள். சம்பளத்தில் பெரிய சினிமா கனவு காண முடியாது. ஆனால் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த மாணவருக்கு இந்தப் பாடத்தில் ஒரு சாதகம் உண்டு: மூலப் பொருள் முழுக்கத் தமிழில் இருக்கிறது, டெல்லியில் இருக்கும் ஆய்வாளருக்கு அது எட்டாது.

படிக்காமல் நேராக யூனிட்டுக்கு

பாரதிராஜா கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகாலிடம் உதவியாளர். பாரதிராஜாவிடம் பாக்யராஜ், பாக்யராஜிடம் பார்த்திபனும் பாண்டியராஜனும். பாலாவிடமிருந்து அமீரும் சசிகுமாரும். தமிழ் சினிமாவின் இயக்குநர் பரம்பரை இப்படித்தான் வளர்ந்தது. மேலே இயக்கம் என்றால் யோசிப்பேன் என்று சொன்னதற்கு இதுதான் காரணம். ஒளிப்பதிவாளரை அவர் எடுத்த காட்சியைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். இயக்குநரை எடுக்கத் தயாரிப்பாளருக்கு ஆதாரம் வேண்டும்: யாரிடம் வேலை பார்த்தார், எத்தனை படம் தாங்கினார்.

அந்த வேலை எப்படி இருக்கும்? முதல் படத்தில் கிளாப் போர்டு. அப்புறம் கன்டினியூட்டி. நாயகன் டம்ளரில் காபி எந்த அளவு இருந்தது, எந்தக் கையால் எடுத்தார், மேல் பட்டன் போட்டிருந்தாரா, எந்த வசனத்தில் எழுந்தார், எல்லாவற்றையும் பேடில் எழுத வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அதே காட்சியின் மிச்சத்தை எடுக்கும்போது காபி அளவு தப்பினால் முதல் திட்டு உங்களுக்கு. ஷூட்டிங் நாட்களில் பேட்டா வரும். ஷூட்டிங் இல்லாத மாதங்களில் சாலிகிராமத்தில் ஒரு அறையில் டிஸ்கஷன், டீ, காத்திருப்பு. படம் நின்றுபோனால் அதுவும் இல்லை. இதைப் போல இயக்கத்தைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு எங்கேயும் இல்லை. ஆனால் அந்த மாதங்களை ஊரிலிருந்து பணம் வாங்கி ஓட்ட முடிகிறவர் யார், முடியாதவர் யார் என்று பார்த்தால், 'திறமை இருந்தா வந்துடலாம்' என்ற பேச்சில் பாதி காற்றில் போய்விடும். பெண்களுக்கு இன்னும் கடினம். நேரம் காலம் இல்லாத வேலை, புகார் சொல்ல ஒழுங்கான இடமில்லாத யூனிட்கள். கல்லூரி என்றால் விடுதி, அடையாள அட்டை, ஒரு குழுவாவது இருக்கும்.

இந்தக் குறையைச் சரிசெய்யும் முயற்சியும் நடக்கிறது. வெற்றிமாறன் 2021-இல் தொடங்கிய பன்னாட்டுத் திரை–பண்பாட்டு ஆய்வகம், வசதி இல்லாத குடும்பத்துப் பட்டதாரிகளைத் தங்கவைத்துக் கட்டணமில்லாமல் பயிற்சி கொடுக்கும் நோக்கத்தோடு வந்தது. முன்னே கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' வழியாக கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் ஆகியோர் குறும்படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அந்த வாசல் இப்போது யூடியூபில் திறந்தே கிடக்கிறது, கூட்டமும் அதற்கேற்ப.

தனியார் நிறுவனங்களைப் பற்றிச் சுருக்கமாக. சாலிகிராமத்தில் பிரசாத் குழுமத்தின் எல்.வி. பிரசாத் அகாடமி போல ஸ்டுடியோ பின்புலத்தோடு இயங்குபவை உண்டு. அங்கே கருவிகள் நன்றாக இருக்கும், கட்டணம் லட்சங்களில். மூன்று மாதத்தில் இயக்குநர் ஆக்குகிறோம் என்று பேனர் கட்டுகிறவர்களும் உண்டு. கொடுப்பது பல்கலைக்கழகப் பட்டமா, அவர்களே அச்சடித்த சான்றிதழா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அந்த லட்சங்களை ஒரு குறும்படத்தில் போட்டால் என்ன கிடைக்கும் என்றும் ஒரு தடவை கணக்குப் போட்டுவிடுங்கள்.

சரி, எதை எடுப்பது?

கேமரா, ஒலி என்றால் தரமணி. கிடைக்காவிட்டால் இயற்பியல் போல ஒரு டிகிரி முடித்து புனே, கொல்கத்தா. எடிட்டிங்குக்கும் இதே வழிதான், ஆனால் ஒரு நல்ல எடிட்டரிடம் உதவியாளராகச் சேர்ந்தாலும் வேகமாகக் கற்கலாம். இயக்கம் என்றால் முதலில் வேறு ஒரு டிகிரி. வெற்றிமாறன் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தவர். பா. ரஞ்சித் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர். படம் எடுக்கச் சொல்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும், அது பெரும்பாலும் சினிமா வகுப்புக்கு வெளியேதான் கிடைக்கிறது. டிகிரிக்குப் பிறகு பணமும் ஆங்கிலமும் இடம் கொடுத்தால் புனே, கொடுக்காவிட்டால் யூனிட். ஆய்வு என்றால் வரலாறு, தமிழ், ஆங்கிலம், சமூகவியல் இவற்றில் ஒன்றை நன்றாகப் படித்துவிட்டு ஜாதவ்பூர், ஜே.என்.யு. பக்கம் போகலாம். விஸ்காம், எதிலும் இன்னும் முடிவெடுக்காத, ஆனால் கண்ணால் செய்கிற வேலை ஏதாவது பிடிக்கும் என்கிற பிள்ளைக்கு.

இதிலும் முடிவுக்கு வர முடியவில்லையா? பிள்ளைக்குப் பிடித்த படத்திலிருந்து ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஷாட்டாக நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்து, இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அதே காட்சியை வீட்டு ஆட்களை வைத்து செல்போனில் எடுக்கச் சொல்லுங்கள். எழுதியதைத் திருத்தித் திருத்தி எட்டுப் பக்கம் ஆக்குகிற பிள்ளை ஒரு ரகம், எழுத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஜன்னல் வெளிச்சத்துக்காக மாலை ஐந்து மணி வரை காத்திருக்கிற பிள்ளை இன்னொரு ரகம். இன்னும் உறுதி வேண்டுமென்றால், டிகிரி படிக்கும்போதே ஒரு டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு முழுநேரப் பாஸ் எடுத்துக் கொடுங்கள். அப்புறம் புனேயில் கல்லூரியும் ஆவணக் காப்பகமும் சேர்ந்து வெகுகாலமாக நடத்திவரும் கோடைக்காலத் திரைப்பட ரசனைப் பயிற்சி இருக்கிறது, ஏறக்குறைய ஒரு மாதம். மூன்று வருடத்துக்குப் பணம் கட்டும் முன் இந்த ஒரு மாதச் செலவு மலிவு. திரும்பி வந்து "எனக்கு இது வேண்டாம்பா" என்று சொன்னாலும் நஷ்டமில்லை.